ஒரு வாய்ச் சோறு

விலங்கியல் படிக்கிற எங்களைப் பாலூட்டிகளின் இலக்கணம் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். ஆனால் பால் குடிக்கிற ஓர் உயிர் எந்த நாளில், யார் சொல்லி, எப்படிப் பாலை விட்டுத் தீனிக்கு மாறுகிறது என்பதைப் பாடநூல் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. கட்டுத்தரை உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு வரிகூடத் தேவையில்லை. கன்று பிறந்த இரண்டாம் வாரத்திலேயே தாயின் காடியை மோந்து பார்க்கும். சோளத்தட்டின் ஒரு நுனியை வாயில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். பிறகு மென்று பழகிவிடும். அதன் வாயைப் பிளந்து யாரும் தட்டைத் திணிப்பதில்லை.

மனிதக் குழந்தைக்கு மட்டும் இது ஏன் இத்தனை பெரிய போராட்டமாகிறது? இந்தக் கேள்வி எனக்குத் தேர்வுத்தாளில் வரவில்லை. என் அக்காள் மகள் வடிவில் வீட்டுக்கே வந்தது.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்கு மேற்கே பாலக்காட்டுச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். அக்கா ஒரு தென்னைநார் ஆலையில் கணக்கு எழுதுகிறாள். மச்சான் இளநீர் லோடு ஏற்றிக்கொண்டு மும்பைக்கும் தில்லிக்கும் போகிற லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது அக்கா மீண்டும் வேலைக்குப் போனாள். அன்று முதல் அம்மிணி (அவளுக்கு வேறு நல்ல பெயர் உண்டு, வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை) என் அம்மாவின் பொறுப்பில் வளர்ந்தாள். எனக்குக் கல்லூரி முதல் சுழற்சி என்பதால் பிற்பகல் இரண்டரை மணிக்குள் வீட்டில் இருப்பேன். அந்த நேரத்துச் சாப்பாடு ஊட்டும் பணி தாய்மாமனாகிய என் தலையில் விழுந்தது.

ஏழாம் மாதத்தில் குலதெய்வக் கோவிலில் சோறூட்டியபோது அவள் நெய்யும் வெல்லமும் குழைத்த பொங்கலை நன்றாகவே சப்புக்கொட்டித் தின்றாள். புகைப்படம் சாட்சி. அதன்பின் ஒருநாள் இட்லித் துண்டு ஒன்று தொண்டைக்குழியில் நின்று, அவள் ஓங்கரித்து, கண் சிவந்து, ஊரே கூடிவிட்டது. அன்றோடு வீட்டில் கெட்டி உணவு நின்றது. சத்துமாவுக் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சி, மிக்சியில் அடித்து, வடிகட்டி, பால் புட்டியில் ஊற்றி, நிப்பிளின் துவாரத்தைச் சுட்ட ஊசியால் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். பயந்த மனம் செய்கிற காரியம்தான். குறை சொல்ல முடியாது. கஞ்சியும் நாளடைவில் குறைந்து வெறும் பாலாயிற்று. வீட்டிலேயே கறவை இருக்கும்போது பாலுக்கு என்ன பஞ்சம்?

பதினான்காம் மாதத்தில் நிலைமை இதுதான்: ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பசும்பால். சோறு, இட்லி, பழம் எது அருகில் வந்தாலும் உதடுகள் இறுகிவிடும். கரண்டியைக் கண்டாலே தலை திரும்பிவிடும். செல்பேசியில் பொம்மைப் பாட்டைக் காட்டி, அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் கணத்தில் ஒரு கரண்டியை உள்ளே தள்ளுவோம். அவள் அதைக் கன்னத்தில் அடக்கிவைத்துப் பாட்டு முடிந்ததும் துப்புவாள். வாயைக் காட்டிலும் கன்னம் பெரிய பாத்திரம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு மருந்து புகட்டுவதுபோல் ஊட்டிப் பார்த்த நாட்களும் உண்டு. அந்த அழுகையைக் கேட்டபின் ஊட்டுகிறவர்களுக்கும் சோறு இறங்காது.

அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டோம். தொண்டையில் ஏதோ நிற்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தோம். தொக்கம் எடுத்த அம்மையார் வயிற்றை நீவிவிட்டுக் கடைசியில் உள்ளங்கையில் கத்தரிக்காய்த் தோல் போன்ற ஒன்றைக் காட்டினார். ஆறு மாதமாகப் பாலைத் தவிர எதையும் விழுங்காத குழந்தையின் தொண்டையில் கத்தரிக்காய்த் தோல் எந்த வழியாக வந்தது என்று கேட்க என் நாக்கு துடித்தது. அம்மா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன்.

இதில் ஒரு விந்தையை நான்தான் முதலில் கவனித்தேன். சோற்றைத் துப்புகிற அதே அம்மிணி, யாரும் பாராதபோது திண்ணைச் சுவரின் காரையைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். வாசல் மண்ணை விரலால் தொட்டுத் தொட்டு நக்குவாள். கரகரவென்று மெல்லும் ஓசைகூடக் கேட்கும். மண்ணை மெல்லத் தெரிந்த வாய்க்குச் சோற்றை மெல்லத் தெரியாதா?

பால்வாடியில் எடை போட்டபோது 7.5 கிலோ. டீச்சர் அட்டையில் புள்ளி வைத்துக் காட்டினார். பச்சைப் பட்டையின் அடி விளிம்பில், மஞ்சளைத் தொட்டுக்கொண்டு நின்றது அந்தப் புள்ளி. அதற்கு முந்தைய மூன்று மாதப் புள்ளிகளும் ஏறாமல் படுத்திருந்தன. "எடை கொறைவுங்கறத விட, ஏறாம நிக்கறதுதானுங்க பயம். டாக்டர்கிட்டக் காட்டிருங்க" என்றார். பழைய பாடம் இது. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு நம் மாநிலத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்த அடிப்படையில்தான் நடந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, ஏறாமல் நிற்கிற குழந்தையைத் தேடிப் பிடித்துச் சத்துருண்டை கொடுத்தார்கள்.

மருத்துவமனையில் அந்தப் பெண் மருத்துவர் முதலில் குழந்தையைத் தொடவில்லை. பால் குடிப்பதைப் பார்த்தார். இருமல் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கவனித்தார். நிற்கிறாளா, நடக்கிறாளா, எத்தனை சொல் பேசுகிறாள் என்று கேட்டார். பிறகு கீழிமையை இழுத்துப் பார்த்தார். அது வெள்ளைத் தாளாக இருந்தது. "மண் தின்கிறாளா?" என்றார். நாங்கள் சொல்லாத ஒன்றை அவர் கேட்டதும் அம்மா திகைத்துப் போனார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 கிராம் என்று வந்தது. பதினொன்றாவது இருக்க வேண்டுமாம்.

"ஏனுங்க டாக்டரு, நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கறாளுங்க. பாலுல இல்லாத சத்துங்களா?"

"பாலில் எல்லாம் இருக்குங்கம்மா. இரும்பு மட்டும் இல்லை."

எத்தனை எளிய வாக்கியம்! ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இந்த வயதுக் குழந்தைக்கு உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் வேண்டும். அதே ஒரு லிட்டரில் 650 கலோரி அளவு இருக்கிறது. ஏழரைக் கிலோக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அதுவே போதும். ஆகவே வயிறு நிறைந்துவிடுகிறது, பசி எழுவதில்லை. போதாததற்குப் பாலிலுள்ள சுண்ணாம்பும் புரதமும் மற்ற உணவிலிருந்து வருகிற சிறிதளவு இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரும்பு குறைந்தால் பசி மந்தமாகிறது, பசி மந்தமானால் சோறு வேண்டாம், சோறு வேண்டாமென்றால் மேலும் பால். செக்குமாடு சுற்றுகிற வட்டம் இது. மண் தின்பதும் அந்த இரும்புக் குறைவோடு சேர்ந்து வருகிற பழக்கமே.

இந்த வட்டத்தில் சிக்கியிருப்பது எங்கள் வீட்டுக் குழந்தை மட்டுமன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. இந்தியா முழுவதற்கும் இது 67. எல்லோரும் பால் குடித்து வந்த சோகையினர் அல்லர். பாலுக்கே வழியற்றவர்கள் மிகப் பலர். எனினும் பாலும் தேங்காயும் வெல்லமும் செழித்த பொள்ளாச்சிச் சீமையில், கறவை கட்டிய வீட்டில் ஒரு குழந்தைக்கு இரத்தமில்லை என்றால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். அம்மாவும் நம்பவில்லை. பாலைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னது எங்கள் மாட்டையே குறை சொன்னதாக அவருக்குப் பட்டது.

மருத்துவர் சொன்னவை சில. இரும்புச் சொட்டு மருந்து நாள்தோறும், அதையும் பாலோடு கொடுக்கலாகாது. புட்டியை அன்றே விட்டுவிட வேண்டும். பால் அரை லிட்டருக்கு மேற்படாமல், சாப்பாட்டுக்குப் பின், டம்ளரில். சாப்பாடு எல்லோரோடும் அமர்ந்து, அவளுக்கென ஒரு தட்டில், அரைமணி நேரத்துக்கு மேல் போகாமல். செல்பேசி கூடாது. கெஞ்சலும் கூடாது, மிரட்டலும் கூடாது. இறுதியாக ஒன்று சொன்னார்: "என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் வேலை. தின்பதா, எவ்வளவு தின்பது என்பது அவள் வேலை. அவள் வேலையை நீங்கள் செய்யாதீர்கள்." சிறுநீர் குறைந்தாலோ, துவண்டு படுத்தாலோ உடனே தூக்கிவரச் சொன்னார்.

கல்லூரி நூலகத்திலும் இணையத்திலும் தேடியபோது இதற்கு வேரான ஆராய்ச்சிகள் இரண்டு கிடைத்தன. முதலாவது, கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1926-இல் தொடங்கிய சோதனை. பாலைத் தவிர வேறெதையும் சுவைத்திராத குழந்தைகள் 15 பேருக்கு முன்னால் தானியம், பழம், காய், முட்டை, இறைச்சி, பால் என்று எளிய உணவுகளைத் தட்டில் வைத்தார்கள். தாதியர் எதையும் எடுத்து நீட்டக்கூடாது. குழந்தை காட்டினால் மட்டும் கொடுக்கலாம். குழந்தைகள் கண்டபடி தின்றன. எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. எலும்பு மெலிவு நோயோடு வந்த ஒரு குழந்தை கிண்ணத்திலிருந்த மீனெண்ணெயைத் தானாகவே எடுத்துக் குடித்து, நோய் தீர்ந்தபின் விட்டுவிட்டதாம்! இதைப் படித்துவிட்டு, குழந்தை எதைக் கேட்டாலும் கொடுக்கலாம் என்று கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் வறுவல் பொட்டலங்களை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. தட்டில் கெட்ட பொருள் எதுவுமே இல்லாததால்தான் தேர்வு நல்லதாக அமைந்தது என்பதை 1939-இல் டேவிஸே எழுதிவிட்டார்.

மற்றொன்று எங்கள் துறைக்கு நெருங்கியது. வாத்துக்குஞ்சு பிறந்த சில மணி நேரத்துக்குள் எதைக் காண்கிறதோ அதையே தாயாகக் கொள்ளும் என்று கொன்ராட் லாரன்ஸ் காட்டியதை வகுப்பில் படித்திருக்கிறோம்; அவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு என்ற அதே கருத்தை 1964-இல் இல்லிங்வொர்த், லிஸ்டர் ஆகிய இருவர் குழந்தையின் மெல்லும் பழக்கத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள். ஆறேழு மாதத்தில் மெல்லும் திறன் எழும்போது கட்டியும் முட்டியுமான உணவு வாய்க்குப் பழகவில்லையென்றால், பின்னர் அதை ஏற்க வைப்பது கடினம் என்பது அவர்கள் கண்டது. கடினம் என்றார்களே தவிர முடியாது என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

நாவின் கதையும் சுவையானது. பிறந்த குழந்தையின் வாயில் கெட்டியாக எதை வைத்தாலும் நா அதை வெளியே தள்ளும், அது தற்காப்பு. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் அந்தத் தள்ளல் மறைகிறது. பிறகு நா பக்கவாட்டில் புரளக் கற்று, உணவைக் கடைவாய் ஈறுக்கு ஒதுக்குகிறது. பல் முளைக்காத ஈறே குழைந்த சோற்றை நசுக்கப் போதும். புட்டி குடிக்கிற நாவோ முன்னும் பின்னும் மட்டுமே ஓடும். அதற்குப் பக்கம் தெரியாது.

முதல் நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் நடந்ததை எழுத இப்போதும் தயக்கமாக இருக்கிறது. அம்மிணி தட்டைக் கவிழ்த்தாள். டம்ளரைத் தட்டிவிட்டாள். தண்ணீரும் மோரும் சில மடக்குப் பாலுமாக நாள் போயிற்று. இரவில் எழுந்து புட்டி கேட்டு அழுதாள். நான்காம் இரவு அம்மா பொறுமை இழந்தார்.

"பச்சப்புள்ளயப் பட்டினி போடறதுக்கா உங்க ரண்டு பேத்தையும் படிக்க வெச்சேன்? எம்பட பேத்தி எம்பட கண்ணு முன்னால சாகோணுமா?"

அக்காள் எதுவும் பேசவில்லை. சுவரோரம் அமர்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அம்மா அடுக்களைக்குப் போய்ப் புட்டியைக் கழுவிப் பாலூற்றினார். மூடியைத் திருகினார். வாசற்படி வரை வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு எங்களைப் பாராமலே திரும்பிப் போய், பாலை டம்ளரில் ஊற்றி, புட்டியைப் பரண்மேல் வீசினார். டம்ளரோடு வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, தாமே ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார். அம்மிணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். மருத்துவரோ, ஆராய்ச்சியோ, நானோ எங்கள் வீட்டில் எதையும் மாற்றியதாகச் சொல்லமாட்டேன். அன்று மாற்றியவர் அம்மாதான்.

அடுத்த ஞாயிறு சந்தகை பிழிந்தோம். எந்திரத்திலிருந்து இழை இழையாக இறங்குவதை அம்மிணி அதிசயமாகப் பார்த்தாள். தரையில் விழுந்த ஓர் இழையை எடுத்தாள், நீட்டி இழுத்தாள், வாயில் வைத்தாள். நாங்கள் நால்வரும் அவளைப் பாராமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓங்கரித்தாள். அக்கா பதறி எழ, நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்திருந்தார்: ஓசையும் இருமலும் முகச்சிவப்பும் இருந்தால் குழந்தை தானே சமாளித்துக்கொள்ளும், ஓசையின்றி மூச்சுத் திணறி நீலம் பாய்ந்தால் அதுதான் ஆபத்து. அவள் இருமினாள், விழுங்கினாள், அடுத்த இழையை எடுத்தாள். தேங்காய்ப்பாலில் தோய்த்து ஒரு கைப்பிடி அளவு உள்ளே போயிற்று. (தேங்காய்ப் பத்தையையும் நிலக்கடலையையும் மட்டும் இந்த வயதில் கையில் கொடுத்துவிடாதீர்கள். மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். தேங்காய் விளைகிற ஊர்க்காரன் சொல்கிறேன்.)

மண்ணைத் தின்ற இரகசியமும் அப்போது எனக்கு விளங்கிற்று. மண்ணை அவள் கையால் அவளே எடுத்தாள். சோற்றை நாங்கள் எடுத்தோம். வேறுபாடு அவ்வளவுதான். சிறு கையை நீட்டி, கலத்திலிருப்பதைத் துழாவி, நெய்ச்சோற்றை மெய்யெல்லாம் பூசிக்கொள்ளும் மகவைப் பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றில் பாடியிருப்பதை நாம் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். குழந்தை அளைந்த கூழை அமுதுக்கு மேலாக வைத்தார் வள்ளுவர். இருவருமே ஊட்டுகிற கையைப் பேசவில்லை. உண்கிற சிறு கையைப் பேசினார்கள். உரையாசிரியர்கள் இதைத் தாய் தந்தையர் இன்பம் என்று விளக்கலாம். எனக்கு அது சிறந்த குழந்தை மருத்துவமாகவும் தெரிகிறது.

அதன்பின் முன்னேற்றம் நத்தை நடையில் நடந்தது. அரிசியும் பருப்புஞ்சாதம் குழைய வேகவைத்து, பச்சைப்பயற்றுக் கடைசல், முருங்கைக்கீரை மசியல், நேந்திரம்பழ வில்லை என்று ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீர்க் கஞ்சியைக் கைவிட்டோம். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 கிராம்தான் கொள்ளும். அம்மிணிக்கு இரண்டேகால் ஆழாக்கு என்று அம்மா கணக்கிட்டுச் சிரித்தார், சரியான கணக்கு ஒரு டம்ளர்தான். அதையும் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமேது? இங்கே அம்மாவின் முளைகட்டிய ராகி கைகொடுத்தது. தானியம் முளைக்கும்போது ஆமிலேஸ் என்ற நொதி பெருகுகிறது. கெட்டியான கூழில் ஒரு சிட்டிகை முளைராகி மாவைக் கலந்தால், தண்ணீர் சேர்க்காமலே கூழ் இளகிவிடும். 1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் அம்மையார் இதையே ஆய்ந்து குழந்தை உணவுக்குப் பரிந்துரைத்தார். நான் அடுப்படியில் செய்து பார்த்தேன். கண் முன்னாலேயே கூழ் இளகியது. எங்கள் துறை ஆய்வகத்தில் செய்த சோதனைகளில்கூட இத்தனை தெளிவான முடிவு எனக்கு வந்ததில்லை.

நான்கு மாதம் கழித்து எடை 8.6 கிலோ. ஹீமோகுளோபின் 11.2. சுவர்க்காரை தப்பித்தது, பெயர்ந்த இடத்தை மச்சான் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார்.

மச்சான் தில்லியிலிருந்து வந்த அன்று அவர் தட்டிலேயே கையை விட்டு, பிசைந்த சோற்றை எடுத்து அவர் வாயில் வைத்தாள் அம்மிணி. மீசையெல்லாம் பருப்பு. "ஏம் மாப்ள, புள்ளைக்கு ஊட்டச் சொல்லித் தரச் சொன்னா, எனக்கு ஊட்டச் சொல்லித் தந்திருக்கற?" என்றார் என்னிடம்.

முட்டையை மட்டும் இன்றுவரை தொடமாட்டேன் என்கிறாள். புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்பதற்கு முன் எட்டு முதல் பதினைந்து முறை வரைகூடத் தட்டில் வைக்க வேண்டியிருக்கும் என்று படித்திருக்கிறேன். அடுக்களைக் கதவின் பின்புறம் கரியால் கோடு போட்டு வருகிறேன். இதுவரை ஒன்பது கோடுகள். ஒன்பதாம் முறை வைத்தபோது மஞ்சட்கருவை விரலால் தொட்டாள், மூக்கருகே கொண்டுபோனாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாக எழுந்துபோய்ப் பூனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.